உருபு மறைந்த சித்திரங்கள்

கத்தரிக்கோலும் பசையும் சிறு பிள்ளைகளின் கருவிகள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பழைய சஞ்சிகைகளிலிருந்து யானையையும் பூனையையும் வெட்டி அப்பியாசக் கொப்பியில் ஒட்டுவது பாலர் வகுப்புக்குரிய தொழில். அதனைக் கலை என்று கூறுவார் உளர் எனின் அவர்மீது இரக்கங்கொள்வதன்றி வேறு செய்தற்கில்லை என்பது என் கொள்கை. அக்கொள்கையை அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் இழந்தேன். இழந்த வரலாற்றை ஈண்டுக் கூறப்புகுகின்றேன்.

எங்கள் கல்லூரியில் மாலைவேளைகளிற் சித்திரம் கற்பிக்க வரும் இளைஞர் ஒருவர் உளர். அடக்கமானவர், ஆனால் நூல்களைச் சுமந்து திரிவதில் எங்களைப் போன்ற பண்டிதர்களையும் வென்றவர். அவர் ஆசிரியர் ஓய்வறையில் என்முன் ஒரு பெரிய நூலை விரித்து, “ஐயா, இந்தப் படங்களின் தலைப்புகளைத் தமிழாக்கித் தரவேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறேன்” என்றார்.

“தம்பி, படத்துக்குத் தலைப்பு எதற்கு? படம் தானே பேசாதா?” என்றேன்.

“இவை அப்படிப்பட்ட படங்கள் அல்ல, ஐயா. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார்.

பார்த்தேன். முதற் படத்தில் ஒரு செல்வர் வீட்டின் அறை. சாளரத்தின் இருமருங்கும் பூவேலை செய்த பொன்னிறத் திரைச்சீலைகள் தொங்குகின்றன. நாகரிகமாக உடுத்த இளம்பெண் ஒருத்தி, தூசுறிஞ்சும் பொறியொன்றைத் தோளிற் கொளுவிக்கொண்டு அதன் குழாய்முனையால் அத்திரைச்சீலையைத் துலக்குகின்றாள். அவள் முகத்தில் வேலையின் களைப்பில்லை. விளம்பரப் பெண்கள் களைப்பதில்லையன்றோ! திரைச்சீலை விலகிய இடத்திற் சாளரத்தின் வெளிப்புறம் தெரிகின்றது. அங்கே பூந்தோட்டம் இல்லை; பக்கத்து வீடும் இல்லை. பாறையும் மண்ணும் குவிந்த காவற்குழி ஒன்றிற் போர்வீரர் இருவர் நிற்கின்றனர். அறையெல்லாம் நிறம், வெளியெல்லாம் கருமையும் வெண்மையும். அவள் அவர்களைக் காணவில்லை. அவர்களும் அவளைக் காணவில்லை. இரு சாராரையும் காண்பவன் யான் ஒருவனே. நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தேன்.

இச்சித்திரத்தை ஆக்கியவர் மார்த்தா றொஸ்லர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1943இல் நியூயோர்க் மாநகரின் புறூக்ளின் பகுதியிற் பிறந்தவர். எண்பது வயதைக் கடந்தவர். 1967 முதல் 1972 வரை, வியட்நாம் போர் உக்கிரமாக நடந்த காலத்தில், ஏறத்தாழ இருபது ஒட்டுச்சித்திரங்களை ஒரு தொகுதியாக ஆக்கினார். ‘எழில் இல்லம்: போரை வீட்டுக்குக் கொணர்தல்’ என்பது தொகுதியின் பெயர். முற்பாதி அவர் சூட்டிய பெயரன்று. அஃது 1896இல் தொடங்கப்பெற்ற ஓர் அமெரிக்கச் சஞ்சிகையின் பெயர். வீட்டை எவ்வாறு அலங்கரிப்பது, எத்தகைய நாற்காலி வாங்குவது, சமையலறைச் சுவருக்கு எந்நிறம் பொருந்தும் என்று இல்லத்தரசியருக்கு உபதேசம் செய்வது. மற்றொரு சஞ்சிகை ‘லைஃப்’. வாரந்தோறும் வெளிவந்து, போர்க்களத்து நிழற்படங்களை இலட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசென்றது. முன்னையதிலிருந்து அறையை வெட்டினார், பின்னையதிலிருந்து போரை வெட்டினார், இரண்டையும் ஒட்டினார். செய்த வேலை அவ்வளவே.

‘ஒட்டுச்சித்திரம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சு மொழியில் ‘ஒட்டுதல்’ எனப் பொருள்படும் வினையடியாக வந்த ‘கொலாஜ்’ என்னும் பெயரை உலகம் வழங்குகின்றது. 1912இற் பிக்காசோவும் பிறாக்கும் செய்தித்தாளையும் சுவரொட்டுத் தாளையும் ஓவியத்தில் ஒட்டத் தொடங்கியபோது அப்பெயர் கலையுலகில் நிலைபெற்றது. தமிழில் ‘ஒட்டோவியம்’ என்பாரும் உளர். ஓவியம் என்பது தீட்டப்படுவது, இவை தீட்டப்படாதன. ஆகவே யான் ‘ஒட்டுச்சித்திரம்’ என்றே எழுதுகின்றேன். வழக்குத் தொடுப்பார் தொடுக்க.

விளம்பரத்தாளை வெட்டிச் சித்திரமாக்கிய முதற் பெண்மணி றொஸ்லர் அல்லர். ஜெர்மனியில் ஹன்னா ஹோக் என்பவர் 1916 முதற் பத்தாண்டு காலம் உல்ஸ்ரைன் என்னும் பெரிய பதிப்பகத்தில் மகளிர் சஞ்சிகைகளுக்குத் தையல், பூவேலை மாதிரிகள் வரைந்து ஊதியம் பெற்றவர். அச்சஞ்சிகைத் தாள்களையே வெட்டி அக்கால அரசியலாரின் தலைகளை இடம்மாற்றி ஒட்டினார். 1919இல் அவர் செய்த பெருஞ்சித்திரத்தின் நீண்ட தலைப்பில் ‘சமையலறைக் கத்தி’ என்ற சொற்றொடர் வருகின்றது. மரக்கறி நறுக்கும் கத்தியால் ஒரு நாட்டின் அரசியலை நறுக்கியதாக அவர் சொல்லிக்கொண்ட துணிவு எனக்கு மிகப் பிடித்திருக்கின்றது.

இன்னொருவர் இங்கிலாந்தின் றிச்சட் ஹமில்ற்றன். 1956இல் இலண்டன் வைற்சப்பல் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சி ஒன்றுக்காக அவர் ஒரு சிறு ஒட்டுச்சித்திரம் செய்தார். இன்றைய வீடுகளை இத்துணை வேறுபட்டனவாகவும் இத்துணைக் கவர்ச்சியுடையனவாகவும் ஆக்குவது யாதோ என்று வினவும் அதன் தலைப்பே அமெரிக்க விளம்பரம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்தது. கட்டுடல் காட்டும் ஆடவன், இருக்கையிற் சாய்ந்த பெண், மேசைமீது தகரத்திலடைத்த இறைச்சி, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் ஓர் அறைக்குள் அடைபட்டிருக்கின்றன. பின்னாலுள்ள மாடிப்படியில் ஒரு பெண் தூசுறிஞ்சும் பொறியின் நீண்ட குழாயுடன் ஏறிநிற்கின்றாள். அவளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1956இல் மாடிப்படியில் நின்றவளே ஒரு பத்தாண்டு கழித்து றொஸ்லரின் சாளரத்தருகே வந்து நிற்கின்றாள் என எனக்குத் தோன்றுகின்றது. ஹமில்ற்றன் அவளைப் பார்த்துச் சிரித்தார். அச்சிரிப்பில் ஆசையும் கலந்திருந்தது. போர்க்காலத்துத் தட்டுப்பாட்டில் வாடியிருந்த ஒரு நாட்டார்க்கு அமெரிக்கப் பண்டங்களின் மீது அத்தகைய கண் இருந்தமை வியப்பன்று. றொஸ்லர் சிரிக்கவில்லை. அவள் நிற்கும் அறையின் திரையை விலக்கினார்.

நிற்க. தலைப்புகளைத் தமிழாக்கும் வேலைக்கு வருகின்றேன். ‘திரைச்சீலை துலக்கல்’ எளிதில் வந்தது. அடுத்த படம் வெள்ளை வெளேரென்ற ஒரு சமையலறை, சுவரிற் செந்நிறக் கோடு ஓடுகின்றது, கிண்ணங்களும் சிவப்பு. அறைக்கு அப்பாலுள்ள வழிநடையில் இரண்டு போர்வீரர் குனிந்து எதையோ தேடுகின்றனர். அதனைச் ‘செங்கோட்டுச் சமையலறை’ என்று எழுதிவிட்டுப் பார்த்தால், படிப்பவர்க்குத் திருச்செங்கோட்டு முருகன் நினைவுதான் வரும். அடித்துவிட்டுச் ‘செந்நிறக் கோட்டுச் சமையலறை’ என்று மாற்றினேன். ஆனால் தொகுதிப் பெயரின் பிற்பாதியில் வந்து முட்டிக்கொண்டேன். ‘போரை வீட்டுக்குக் கொணர்தல்’ என்பது பொருளைச் சொல்லுமேயன்றிப் பெயராக நில்லாது. சுருக்கி ‘வீட்டுப்போர்’ என்று எழுதிப்பார்த்தேன். எழுதியவுடன் ஓர் இலக்கண உண்மை எனக்குப் புலனாயிற்று. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

தொகைநிலைத் தொடரை மாணாக்கர் அறிவர். பொற்குடம் என்றால் பொன்னாலாகிய குடம். ‘ஆல்’ என்னும் உருபும் ‘ஆகிய’ என்னும் பயனும் சொல்லப்படாமல் மறைந்து நிற்கின்றன. கேட்பவன் தானே விரித்துக்கொள்கின்றான். மறைந்த உருபு எதுவெனத் தெளிவாயின் இடரில்லை. தெளிவில்லாதவிடத்து ஒரு தொகை இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட மயங்கும் என்பது நன்னூலார் கொள்கை. ‘மரவேலி’ என்னும் தொகையை உரையாளர் ஆறு விதமாக விரித்துக் காட்டுவர். மரத்தைக் காக்கும் வேலியும் மரவேலி. மரத்தாலாகிய வேலியும் மரவேலி. காக்கப்படுவதும் மரம், வெட்டப்பட்டதும் மரம்!

விளம்பரம் என்னும் கலை முழுவதும் இத்தொகையிலக்கணத்தின் மேலேயே கட்டப்பட்டுள்ளது. ஒரு பெண்ணின் ஒளிபொருந்திய முகத்தை அச்சிட்டு அதனருகே ஒரு சவர்க்காரக் கட்டியை அச்சிடுகின்றார்கள். இடையில் உருபு இல்லை. ‘இச்சவர்க்காரத்தாலாகிய அழகு’ என்று எவரும் எழுதவில்லை. விரித்தவர் நாமே. பொய் சொல்லப்படவில்லை, ஆதலின் பொய்யென வழக்காடவும் இடமில்லை. மோட்டார் வண்டியின் அருகே கடற்கரையும், பால்மாப் பேணியின் அருகே பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையும், வங்கியின் பெயருக்கருகே வெண்ணிற மாடிவீடும் இவ்வாறே வைக்கப்படுகின்றன. வைப்பது அவர்கள் வேலை. உருபை இட்டு நிரப்புவது நம் வேலை. நாளொன்றுக்கு எத்தனைமுறை இதனைச் செய்கின்றோம் என்று எண்ணிப் பார்த்தவர் இலர்.

றொஸ்லர் இதே இலக்கணத்தைக் கையாண்டார். விளம்பரக்காரர் வைத்த இரு பெயர்ச்சொற்களுள் ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வேறொன்றை வைத்தார். உருபை அவரும் எழுதவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். சஞ்சிகைப் பக்கங்களில் வீடும் போரும் முன்னரே அயலவராயிருந்தன. ஒரு பக்கத்தில் எரியும் கிராமம், புரட்டினால் மறுபக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி. வியட்நாம் போரை ‘வரவேற்பறைப் போர்’ என்று அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் ஆலன் பெயரிட்டு எழுதினார். நாள்தோறும் மாலையிற் போர் தொலைக்காட்சி வழியே வரவேற்பறைக்குள் வந்து போயிற்று. ஆயினும் பக்கத்தின் ஓரமும் தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டமும் வேலியாக நின்றன. இஃது இவ்விடம், அஃது அவ்விடம் என்று கண் தானே பிரித்துக்கொண்டது. றொஸ்லரின் கத்தரிக்கோல் அவ்வோரத்தையே வெட்டிற்று. ஹன்னா ஹோக்கின் சித்திரங்களிற் பெருந்தலையும் சிற்றுடலுமாக அளவுகள் குழம்பிக் கிடக்கும். றொஸ்லரின் சித்திரங்களில் அக்குழப்பம் அரிது. போர்வீரன் அறையின் அளவுக்கு ஏற்ற உயரத்தில் நிற்கின்றான். அவன் காலடியில் அறையின் தரை இருக்கின்றது. ‘பலூன்கள்’ என்னும் படத்தில், காயப்பட்ட குழந்தையை ஏந்திய வியட்நாமியர் ஒருவர் ஓர் அழகிய வீட்டின் மாடிப்படியில் வருகின்றார். ஒரு மூலையில் விழாப் பலூன்கள் கிடக்கின்றன. அவர் ஒட்டப்பட்டவர் என்று அறிவு சொல்லுகின்றது. கண் அதனை ஏற்க மறுக்கின்றது. படிக்கட்டு ஒன்றே, வீடும் ஒன்றே.

இவற்றை அவர் விற்கவில்லை. அக்காலத்திற் கலைக்கூடத்தில் மாட்டவும் இல்லை. போர் நடந்துகொண்டிருக்கையில் அவற்றைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தல் தகாது எனக் கருதினார். கறுப்பு வெள்ளை நகல்களாக எடுத்துப் போரெதிர்ப்பு ஊர்வலங்களிற் கைத்துண்டுகளாக வழங்கினார். சிறு பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். கட்சித் துண்டுப்பிரசுரங்களை வாங்கிச் சுருட்டி எறிந்து பழகிய கைகளில் ஓர் அழகான சமையலறையின் படம் வந்து சேர்ந்தால் அது சிறிது நேரம் தங்கியிருக்குமன்றோ? விளம்பரத்தின் கவர்ச்சியை விளம்பரத்தின் தொழிலுக்கே எதிராகத் திருப்பிய சாதுரியம் இது.

அவருடைய பிறிதொரு படைப்பையும் பண்டிதன் என்ற முறையிற் குறிப்பிடாமல் விட மனமில்லை. 1975இல் ஏறத்தாழ ஆறு நிமிட நேர ஒளிநாடா ஒன்றை ஆக்கினார். தொலைக்காட்சியிற் சமையல் கற்பிக்கும் பெண்மணியைப் போல அவரே நின்று, ஆங்கில அரிச்சுவடியின் வரிசைப்படி சமையலறைக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி இயக்கிக் காட்டுகின்றார். முதலெழுத்துக்கு மேலங்கி, அடுத்ததற்குக் கிண்ணம், இவ்வாறு செல்லுகின்றது. முகத்திற் புன்னகையில்லை. கரண்டியால் முகந்த ஒன்றுமில்லாத பண்டத்தைத் தோளுக்கு மேலாக வீசுகின்றார். முள்ளுக்கரண்டியால் வெறுவெளியைக் குத்துகின்றார். கடைசி எழுத்துகளுக்குக் கருவியில்லை. தம் கைகளையே எழுத்தாக வளைத்துக் காட்டி, முடிவில் தோளைக் குலுக்கி நிறுத்திவிடுகின்றார். அறஞ்செய்ய விரும்பப் பழக்கிய அகரவரிசை நம்முடையது. அவரோ அதே வரிசையைக்கொண்டு, பெண்ணொருத்தி எந்தப் பெயர்களுக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறாள் என்று காட்டினார்.

வகுப்புக்கு வருவோம். சித்திர ஆசிரியர் படங்களைக் காட்டிய மறுநாள், தொகைநிலைத் தொடர் கற்பிக்கும் பாடவேளையில் ‘வீட்டுப்போர்’ என்று கரும்பலகையில் எழுதி, “விரித்துக் கூறுங்கள்” என்றேன்.

முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “அம்மாவும் அப்பாவும் பிடிக்கிற சண்டையோ, ஐயா?” என்றான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன், இலக்கணப்படி அதிற் பிழையில்லை. ‘வீட்டின்கண் நிகழும் போர்’, ஏழாம் வேற்றுமை.

பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டிற்காகச் செய்யும் போர்: ஒவ்வோர் அரசும் தன் மக்களுக்குச் சொல்லும் விளக்கம் இது. வீட்டினுட் புகுந்த போர்: இது றொஸ்லரின் சித்திரம். ‘வீட்டால் நடத்தப்பெறும் போர்’ என்று ஒரு மாணவன் சொன்னபோது அவனை மெச்சினேன். அப்பெண் துலக்கும் திரைச்சீலை, அவள் கணவன் செலுத்தும் வரி, அவளைப் போன்றார் பெற்ற பிள்ளைகள், இவையே அக்காவற்குழியைத் தோண்டின என்ற பொருள் அதிற் கிடக்கின்றது. மூன்றாம் வேற்றுமை இத்துணைக் கூர்மையுடையது என்று யானே அன்றுவரை எண்ணியதில்லை.

கடைசி வரிசையில் ஒரு பெண்பிள்ளை. போர் முடிந்த 2009ஆம் ஆண்டை அடுத்துப் பிறந்தவள். வன்னியிலிருந்து வந்து இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பவள். அதிகம் பேசாதவள். எழுந்து நின்று, “வீட்டை அழிச்ச போர், ஐயா” என்றாள்.

இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பாடநூல் முறைப்படி முதலில் வரவேண்டிய விரி அதுதான். யானோ வகுப்போ அதனை முதலிற் சொல்லவில்லை. மார்த்தா றொஸ்லரின் நாட்டார்க்கு அவ்விரி மனத்தில் தோன்றுதலே அரிது. அவர்கள் வீடு அழியவில்லை. “சரி, இரு பிள்ளை” என்று சொல்லிக் கரும்பலகையில் அதனை எல்லாவற்றிற்கும் மேலே எழுதினேன். சுண்ணக்கட்டி இருமுறை முறிந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றை ஈண்டு எழுதுவதற்கு வாசகர் பொறுத்தருள்வாராக. 1995 ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்களோடு மக்களாக எங்கள் குடும்பமும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பியபோது பூட்டு இருக்கவில்லை, கதவும் இருக்கவில்லை, கூரையிற் பாதி இருந்தது. நடுவறையில் மழைநீர் தேங்கி அதிற் புல் முளைத்திருந்தது. ஆனாற் சுவரில் ஒரு கலண்டர், விசுக்கோத்துக் கம்பனி ஒன்றின் கலண்டர், அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தந்தை, தாய், இரண்டு பிள்ளைகள் மேசையைச் சுற்றியிருந்து தேநீர் அருந்திச் சிரிக்கும் படம். கீழே ஒக்டோபர் மாதத் தாள். என் தாயார் அதனைக் கழற்றிச் சுருட்டி ஒரு மூலையில் வைத்தார். எறியவில்லை.

றொஸ்லரின் தொகுதியில் மெத்தை விளம்பரம் ஒன்றைக்கொண்டு ஆக்கிய படம் உண்டு. விளம்பரத்துக் குடும்பம் சொகுசான மெத்தையிற் கிடக்கின்றது. சுற்றிலும் குண்டால் இடிந்த வீடு. சித்திர ஆசிரியர் அதனைக் காட்டி, “இதுதான் ஐயா, இந்தத் தொகுதியில் எனக்குக் கற்பனை மிகுந்த படமாகத் தோன்றுவது” என்றார். யான் மறுமொழி கூறவில்லை. அப்படத்தை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக அறிவேன். அதனை ஒட்டியவர் எவரும் இலர்.

ஆகவே, இவ்வம்மையாரை வியப்பதோடு ஒரு குறையும் கூறவேண்டியவனாயிருக்கின்றேன். இவருடைய சாளரங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே திறக்கின்றன. அமெரிக்க வீட்டினுள்ளிருந்து வெளியே பார்க்கின்றோம். வெளியே நிற்பவர்க்கும் ஒரு வீடு இருந்தது. அங்கும் ஒரு சமையலறை, ஒரு திரைச்சீலை, சுவரில் ஒரு கலண்டர் இருந்திருக்கும். அவற்றைக் காணோம். அவர்கள் உடலாகவே வருகின்றனர்: காயமாக, பிணமாக. ‘லைஃப்’ சஞ்சிகை அவ்வாறே அவர்களைப் படம்பிடித்தது. வெட்டுவதற்கு அவருக்குக் கிடைத்தது அதுவே என்று அவர் சார்பில் விடை சொல்லலாம். அவர் பேச முனைந்ததும் தம் நாட்டாரோடுதான். விடையை ஏற்கின்றேன். குறை குறையாகவே நிற்கட்டும்.

விலக்காக ஒரு படம் உண்டு. 1968 நவம்பர் 8ஆம் நாள் ‘லைஃப்’ இதழின் அட்டையில், போரில் ஒரு காலை இழந்த பன்னிரண்டு வயது வியட்நாமியச் சிறுமி ஒருத்தியின் படம் வெளிவந்தது. எடுத்தவர் லறி பறோஸ் என்னும் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர். அவள் பெயர் திறோன். அச்சிறுமியை றொஸ்லர் வெட்டியெடுத்து ஒரு வரவேற்பறையின் நடுவே நிறுத்தினார். சுற்றிலும் விலைமதிப்புள்ள தளபாடங்கள். கட்டுப்போட்ட குறைக்காலுடன் நிற்கின்றாள். ஏனைய படங்கள் பலவற்றுக்குத் திரைச்சீலையும் சமையலறையும் பலூனும் பெயராயிருக்க, இதற்கு அவளுடைய பெயரைத் தலைப்பில் இட்டார். 1970இல் சான்டியாகோ நகரில் வெளிவந்த பெண்கள் பத்திரிகை ஒன்றில் இப்படம் அச்சாயிற்று.

போர் 1975இல் முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் இச்சித்திரங்கள் கலைக்கூடத்துக்கு வந்தன; இன்று நியூயோர்க் நவீனகலை நூதனசாலையின் சேகரிப்பிலும் உள்ளன. தெருவிற் கையளிக்கப்பட்ட தாள் கண்ணாடிச் சட்டத்துள் ஏறிவிட்டது. விலைப்பொருளைப் பழித்த கலை தானும் விலைப்பொருளாயிற்றே என்று எள்ளுவோர் உளர். அம்மையார் அதனை அறியாதவர் அல்லர். மாணவியாயிருந்த 1973ஆம் ஆண்டிலேயே, கலிபோர்ணியப் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் பழைய உடுப்புகளையும் விளையாட்டுப் பொருள்களையும் பரப்பி, வீட்டு முற்றத்துப் பழம்பொருள் விற்பனையையே ஒரு படைப்பாக நடத்தியவர் அவர். 2012இல் அவ்விற்பனையை அதே நவீனகலை நூதனசாலையின் பெருமண்டபத்தில் மீண்டும் நடத்தினார். கோடிக்கணக்கான பணம் பெறுமதியான ஓவியங்கள் மாட்டப்பட்ட கட்டடத்தில் உடைந்த விளக்குக்கும் பழஞ்சட்டைக்கும் பேரம் பேசி நின்றார். எள்ளுவோர்க்கு இதனினும் நல்ல மறுமொழி யான் அறியேன்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கா போர் செய்தபோது, 2004இலும் 2008இலும் கத்தரிக்கோலை மீண்டும் எடுத்தார். புதிய தொகுதியில் ஒரு படம்: நாகரிக நங்கை ஒருத்தி கைத்தொலைபேசியை நீட்டித் தன்னைத்தானே படம்பிடித்துக்கொள்கின்றாள், அவள் பின்னே நாற்காலிகளிற் குழந்தைகளின் உடல்கள் சாய்ந்து கிடக்கின்றன, சாளரத்துக்கு வெளியே தீ எரிகின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததையே மறுபடியும் செய்கின்றார், புதுமையில்லை என்றனர் சிலர். கூறியது கூறல் குற்றமே. ஆனால் முதலிற் கூறியதைத் திரும்பக் கூறியவர் யார்? போர் திரும்ப வந்தபோது அதற்குப் புதுமையில்லை என்று எவரும் குறை சொல்லக் காணோம். எனினும் 1967இன் அப்பெண்ணுக்கும் 2004இன் இந்நங்கைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவள் கையில் துலக்கும் கருவியிருந்தது. சாளரத்தை நோக்கியே நின்றாள். ஒருகால் நிமிர்ந்து பார்த்திருப்பாள். பின்னவள் கையிலிருப்பது தன்னையே காட்டும் கருவி.

அன்மொழித்தொகை என ஒன்றுண்டு. ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வந்தது பொன்னுமன்று, தொடியுமன்று, அவற்றை அணிந்தவள். தொக்கு நின்ற சொற்களுக்குப் புறத்தேயுள்ள ஒருவரை அத்தொகை சுட்டுகின்றது. அடுத்த பாடவேளையில் அதனைக் கற்பிக்கவேண்டும். எடுத்துக்காட்டுக்கு ‘வீட்டுப்போர்’ வந்தது என்று எழுதலாமா என எண்ணியிருக்கின்றேன். வந்தவர் யார் என்று பிள்ளைகள் விரித்துச் சொல்லட்டும்.

தலைப்புப் பட்டியலை எழுதி முடித்துச் சித்திர ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார்.

“ஐயா, இதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லையே?”

“எது தம்பி?”

“திறோன்.”

“அஃது அந்தப் பிள்ளையின் பெயர், தம்பி. அப்படியே எழுதும்” என்றேன்.